பஞ்சம் உண்டாக்க மூன்று படி

பஞ்சம் வருவதற்கு மழை பொய்க்க வேண்டும் என்று நம்பி, வானத்தைப் பார்த்தே பாதி ஆயுளைத் தொலைத்தவர்கள் உண்டு. பாவம், தொழில் தெரியாதவர்கள். மழை பொய்த்தால் கிடைப்பது வறட்சி மட்டும்தான். ஏரி வெடிக்கும், மாடு மெலியும், குழு வந்து பார்வையிடும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. பயிர் கருகியது, கடனில் விவசாயிகள் மாண்டார்கள். ஆனாலும் எலும்பும் தோலுமாக ஜனங்கள் சாலையோரம் விழுந்து கிடக்கும் பஞ்சம் வரவில்லை. பால் இருந்தால் மட்டும் வெண்ணெய் வந்துவிடுமா? யாராவது உட்கார்ந்து கடைய வேண்டும்.

அந்தக் கடையும் வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளம் அதிகாரிகள், ஆலோசகர்கள், தளபதிகள், பொருளாதாரம் படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்புகள். எழுதும் இடம் பெரியபாளையம். திருவள்ளூர் மாவட்டம், ஊத்துக்கோட்டை வட்டம், ஆரணியாற்றங்கரை. வெளியூர்க்காரர்களுக்குப் பவானி அம்மன் கோயில் என்றால்தான் தெரியும். பயிற்சிக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது. சண்டைக்குத் தப்பி வந்தவர்களைப் பார்க்க வேண்டுமா, கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வறட்சிக்குத் தப்பி வந்தவர்கள் சுற்றுப்பட்டுச் செங்கல் சூளைகளில் மண் மிதிக்கிறார்கள். அரிசி ஆலை பார்க்கச் செங்குன்றம். ரேஷன் அரிசி மூட்டை எப்படி எல்லை தாண்டுகிறது என்று பார்க்க ஆந்திரா போகும் சாலை. ஊருக்குள் ஓர் ஆறும் உண்டு, மழைக்காலத்தில் மட்டும்.

மொத்தம் மூன்று படி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசியை லட்சியம் என்றும் ஒரு படியை நிச்சயம் என்றும் சொன்னார் அண்ணா. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படியைக் கொடுத்துப் பார்த்தார்கள். என் மூன்று படியும் அதே போலத்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: எண்ணும்போதே குறையுங்கள்.

உணவைக் கொளுத்துவது, கிடங்கை இடிப்பது எல்லாம் காட்டுமிராண்டி வேலை. வெளியே தெரிந்துவிடும். பென்சிலும் தாளும் போதும். இந்தக் கலையின் ஆதிகுரு சர் ரிச்சர்ட் டெம்பிள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877 ஜனவரியில், வைசிராய் லிட்டன் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். அந்த மாதம் முதல் தேதிதான் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்து முடிந்திருந்தது. விருந்தெல்லாம் பலம்.

டெம்பிள் பிறவியிலேயே கல்நெஞ்சர் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மூன்று வருஷம் முன்பு, 1873-74ல், பீகாரில் மழை தவறியபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கியவர் அவர். சாவு மிகச் சொற்பம். மாலை விழும் என்று நினைத்திருப்பார். விழுந்தது ஏச்சு: சர்க்கார் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று. பட்டுத் தெளிந்த மனிதர் சென்னைக்கு வந்ததும், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் ஓர் அணா என்று தீர்த்துவிட்டார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்று ஒருவர், உழைக்கிற உடம்புக்கு இது காணாது, கொஞ்சம் பருப்பாவது சேருங்கள் என்று மன்றாடினார். சில மாதம் கழித்துக் கூலியை ஏற்றினார்கள். அந்தச் சில மாதம்தான் நமக்கு வேண்டியது. 1876-78ல் தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்கிறார்கள்.

அந்தப் பஞ்ச நிவாரணத்தில் வெட்டியதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு. வடக்கே எண்ணூர், பழவேற்காடு என்று நம் மாவட்டத்துக்குள்ளும் நீளும் அந்தக் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பசியோடு வெட்டியவர்கள் பெயரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நீங்களும் பெயர் வைக்க ஏதாவது ஒன்றைக் கட்டிவையுங்கள்.

டெம்பிள் ஒரு வாய்க்குரிய அளவைத்தான் குறைத்தார். வாய்களையே குறைப்பது அதற்கடுத்த வளர்ச்சி. இதற்கு நாம் பாக் நீரிணையைத் தாண்ட வேண்டும். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் தொண்டு நிறுவனங்களும், புலிகளோடு போர் நடந்துகொண்டிருந்த வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. எண்ணுகிறவர்களை முதலில் அனுப்பிவிட வேண்டும் என்ற விதியை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 2009 பிப்ரவரியில், உள்ளே இருப்பவர்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான் என்று அரசு சொன்னது. அனுப்பிய உணவும் அந்தக் கணக்குக்கே. மே மாதம் சண்டை முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். எழுபதாயிரம் பேருக்கான மூட்டையை நாலு மடங்கு வாய்கள் பங்கிட்டால் ஆளுக்கு என்ன வரும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விடை, அரிசியும் உப்பும் நிறையத் தண்ணீரும் கலந்த கஞ்சி. இன்றைக்கும் மே மாதம் தமிழர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சிக் குடிக்கும் கஞ்சி அதுதான். (வெளியே போக நினைத்த சனத்தைப் போகவிடாமல் மறித்த புலிகளுக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. கைநூல் எழுதுகிறவன் கட்சி பார்க்கக் கூடாது.)

வன்னி திடீரென்று வந்த யோசனை அல்ல. தொண்ணூறுகள் முழுக்க வடக்குக்கு எரிபொருள், உரம், சிமெண்ட், பேட்டரி என்று பட்டியல் போட்டுத் தடுத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். அரிசியைத் தொடவே வேண்டாம். கிணற்று மோட்டாருக்கு மண்ணெண்ணெய் கிடைக்காது, பயிருக்கு யூரியா கிடைக்காது, அரிசி தானாகக் குறையும். 2002 போர்நிறுத்தத்தோடுதான் அந்தத் தடை விலகியது. வேடிக்கை என்னவென்றால், 2021ல் அதே நாட்டு அரசு இயற்கை விவசாயம் என்ற நல்ல பெயரில் ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தி, சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் அந்த வைத்தியத்தை நாடு முழுவதற்கும் கொடுத்தது. இந்தத் தடவை சிங்கள விவசாயியும் சேர்ந்தே அடிபட்டார். ஆறேழு மாதத்தில் தடையைத் தூக்கினார்கள், அதற்குள் போகம் போய்விட்டது, அந்நியச் செலாவணியும் காலி. 2022 மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசின் முதல் தவணை அரிசி, 9,000 டன், இலங்கைக்குக் கப்பலேறியது. கஞ்சிக்கே கணக்குப் பார்த்த தீவுக்கு.

தப்பி வந்தவர்களை எண்ணுவது இந்தக் கரையிலும் நின்றபாடில்லை. முகாம்காரர் ஊருக்குள் இருக்கிறாரா என்று ஆள் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் மாத உதவித்தொகை. கும்மிடிப்பூண்டி முகாமில் நிறையப் பேருக்குப் பெயின்டிங் வேலை. எங்கோ ஒரு சுவருக்குப் பாதி வண்ணம் அடித்த கையோடு தலையெண்ணும் நாளுக்கு ஓடி வர வேண்டும். ரேஷன் அரிசி நெடுங்காலம் கிலோ 57 பைசாவுக்குக் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, குடும்பத் தலைவருக்கான தொகையை ஆயிரத்திலிருந்து 1,500 ஆக்கினார்கள். முகாமில் பிறந்து, முகாமில் கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். குடியுரிமைக் கணக்கில் மட்டும் பெரும்பாலோரை இன்னும் ஒன்று என்று எண்ணவில்லை.

இரண்டாம் படி: வாயை ஓரிடத்திலும் கார்டை ஓரிடத்திலும் வையுங்கள்.

இதற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பக்கம் போய் வர வேண்டும். வேண்டாம், அவர்களே இங்கே வருகிறார்கள். அங்கே ஆவணி, புரட்டாசி வாக்கில் நுவாகாய் என்று புதுநெல் திருவிழா. புது அரிசியை அம்மனுக்குப் படைத்துச் சாப்பிடுகிற அதே சமயத்தில்தான் தரகர் அட்வான்ஸ் பணத்தோடு வாசலில் நிற்பார். அதை வாங்கிக்கொண்டு கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று குடும்பமாகச் சூளைக்கு வந்து, தை தொடங்கி ஆனி வரை கல் அறுத்து அடைப்பார்கள். இங்கே நொய்யரிசிதான் சாப்பாடு. அவர்களுக்கும் அரிசி பாத்தியம் உண்டு, கார்டில் இருக்கிறது. கார்டு பலாங்கிரில் இருக்கிறது. பி. சாய்நாத் 1996ல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதுதான் தலைப்பின் பொருள். சூளை முதலாளிகளையும் அந்த ‘எல்லோரும்’ பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டைக் குலைக்க 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. எந்த மாநிலத்துக் கார்டானாலும் இங்கேயே அரிசி வாங்கலாம். பதற வேண்டாம். சூளையிலிருந்து கடைக்கு நடக்க வேண்டும், பகல் கூலி போகும், தமிழில் கேட்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தாலும் கடைசியில் விரல் இருக்கிறது. களிமண்ணும் மணலும் பிசைந்து ரேகை தேய்ந்த விரல்.

விரல் என்றதும் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ரேஷன் கடை ஒன்றில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபது தாண்டிய ஒரு ஆயா. கருவியில் கட்டை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு.

‘ஆயா, தலையில தேய்ச்சிட்டு வை. எண்ணெய்ப் பசை பட்டா எடுக்கும்’ என்றார் விற்பனையாளர்.

‘எண்ணெய் போட்டாத்தானே நைனா தலையில இருக்கும்? போன மாசப் பாமாயிலே நீ இன்னும் குடுக்கல.’

வரிசை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒரு கைவிரல் முழுக்க ஆன பிறகு, மறு கை மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தராசில் அரிசி கொட்டியது. பையின் வாயை முடிந்துகொண்டே ஆயா சொன்னார்: ‘கண்ணாலம் கட்டினப்பகூட இந்த வெரல இவ்ளோ நேரம் யாரும் புடிக்கல.’

அந்த விளக்கு சிவப்பாகவே நின்றிருந்தால் வேலை முடிந்தது. மழை பெய்துகொண்டிருக்கும், செங்குன்றத்தில் ஆலை ஓடிக்கொண்டிருக்கும், கடைக்குள் மூட்டை அடுக்கியிருக்கும், ஆயா வெறும் பையோடு வீட்டுக்குப் போவார். ஒருவரும் கெட்டவர் இல்லை. வயதானவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுக் கண் பார்த்துப் பதியும் கருவியும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆயாக்களுக்குக் கண்புரை.

இங்கே தமிழ்நாட்டைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1997ல் மத்திய அரசு வறுமைக்கோடு என்று ஒன்றைக் கிழித்து, கீழே இருப்பவருக்கு ஒரு விலை, மேலே இருப்பவருக்கு ஒரு விலை என்று ரேஷனைப் பிரித்தது. பஞ்சக் கலைஞர்களுக்கு அது பொற்காலம். கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே மாட்டிக்கொண்ட ஏழைகள் நாடெங்கும் லட்சக்கணக்கில் கிடைத்தார்கள். இந்த மாநிலம் மட்டும் கோடு கிழிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கேட்டவருக்கெல்லாம் அரிசிக் கார்டு. 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்குக் காசும் இல்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும், முன்னுரிமை உள்ளவர், இல்லாதவர் என்று கார்டில் எழுத்தை மட்டும் அச்சடித்துவிட்டு இருவருக்கும் அளந்தார்கள். கழகங்கள் இரண்டும் ஒத்துப்போன விஷயங்கள் அதிகமில்லை. இது அதில் ஒன்று. எண்ணாமல் கொடுக்கிற இடத்தில் குறைத்து எண்ண வழியில்லை. நம் முதல் படியே வழுக்கிவிடும்.

ஆகவே இங்கே வேறு உத்தி. டீக்கடையில் உட்கார்ந்து, ‘கார் வைத்திருக்கிறவனுக்கும் ஏன் சார் ஓசி அரிசி?’ என்று ஆரம்பியுங்கள். பத்துப் பேர் தலையாட்டுவார்கள், அதில் ஆறு பேர் வீட்டில் அன்றைக்கு இட்லிக்கு ஊறிக்கொண்டிருப்பது ரேஷன் அரிசியாக இருக்கும். பிறகு கடத்தலைப் பற்றிப் பேசுங்கள். இதில் உண்மை இருப்பதால் நன்றாக எடுபடும். வீட்டில் ஐந்து, பத்து ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்த அரிசி ரயிலிலும் வேனிலும் ஆந்திரா போகிறது. பட்டை தீட்டி வேறு பையில் ஏறித் திரும்பியும் வருகிறது. குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை பிடிக்கிறது, மறுநாளும் போகிறது. அரிசியைத் தின்னும்படி நல்லதாகக் கொடுத்தால் பாதி நிற்கும் என்பது இந்தப் பக்கத்தில் எந்த வீட்டம்மாவுக்கும் தெரியும். நீங்கள் அங்கே போக வேண்டாம். திருடுகிறார்கள், ஆகவே பாதிப் பேர் கார்டை வெட்டு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலி புகுந்ததற்காக வீட்டைக் கொளுத்தச் சொல்கிறான் என்று யாராவது கிழவர் முனகினால் அவருக்கும் ஒரு டீ சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்தில் கன்னிகைப்பேர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் எல்லாம் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கிணற்று வயல்கள். நகரம் வறளும் வருஷங்களில் விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீரையும் விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றுவார்கள். நெல் போட்டு நஷ்டப்படுவதைவிடத் தண்ணீரை விற்பது லாபம், குறை சொல்ல முடியாது. கிணறு இல்லாத கூலிக்காரருக்கு அந்த வருஷம் நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. விற்க அவரிடம் தண்ணீரும் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீரே ஏறிவிட்டது. கண்ணன்கோட்டை தேர்வாய்க்கண்டிகையில் வயலை எடுத்து நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். அந்தத் தண்ணீரும் சென்னைக்குத்தான்.

பள்ளிக்கூடங்கள் பக்கம் போகாதீர்கள். காமராஜர் 1956ல் தொடங்கி எம்.ஜி.ஆர். 1982ல் பெருக்கிய மதியச் சாப்பாட்டோடு இப்போது காலைச் சாப்பாடும் சேர்ந்துவிட்டது. கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15ஆம் தேதி அதை நீட்டித்ததே நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் உன் அப்பா கோட்டுக்கு மேலா கீழா என்று கேட்க முடியாது. உப்புமா ஆறிவிடும்.

இவ்வளவையும் மீறிக் காரியம் கைகூடிவிட்டால், அதைப் பஞ்சம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உலக அளவில் பஞ்சம் என்று அறிவிக்க அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, நூற்றில் முப்பது குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு சாவு. மூன்றையும் அளக்க ஆள் உள்ளே போக வேண்டும், உள்ளே விடுவது உங்கள் கையில். 2024ல் சூடானின் சம்சம் முகாமுக்கும் 2025 ஆகஸ்டில் காசாவுக்கும் அந்தப் பெயரை வைத்தபோது, வைக்கக் கூடாது என்று வாதாடியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர், அரசுகள். பசியை ஆயுதமாக்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2018 மே மாதமே தீர்மானம் போட்டிருக்கிறது, ஒருமனதாகத்தான்.

மூன்றாம் படி? அதுதான் முதலிலேயே சொன்னேனே. உண்மையில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமை. கடைத்தெரு முழுக்க வேப்பஞ்சேலை கட்டியவர்கள், பம்பை, உடுக்கை, மாட்டு வண்டி போய் மினி லாரியில் வந்து இறங்கும் குடும்பங்கள். ஆடி பழைய நாளில் குதிர் காலியாகும் மாதம். விதைத்தது முளைத்திருக்கும், அறுப்புக்கு நாளிருக்கும், வேலை இருக்காது. அந்த மாதம் பார்த்து அம்மன் பேரைச் சொல்லித் தெருவுக்குத் தெரு அண்டா வைத்துக் கூழ் ஊற்ற வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, பெயர் தெரியவில்லை. ஒரு கால்வாய்கூட அவர் பேரில் இல்லை.

கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, மோரும் உப்பும் சேர்த்துச் சின்ன வெங்காயம் அரிந்து போட்ட கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, வாய்ப்பிருந்தால் கருவாட்டுக் குழம்பு. ஊற்றுகிறவர் அண்டாவைப் பார்க்கிறார், நீட்டுகிற பாத்திரத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம் தடவை வருகிறவனுக்கும் ஊற்றுகிறார். இந்த ஊரில் என் கைநூல் எப்படி விற்கும்?

பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆடி ஞாயிறு தவிர்த்து வேறு நாளில் வாருங்கள். பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது. அன்றைக்கே வந்தாக வேண்டும் என்றால் ஒரு சொம்பு கொண்டுவாருங்கள். கார்டு கேட்க மாட்டார்கள். பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் அண்டா காலி.